நேட்டாலுக்குப் போனவர்களின் ஆவணங்களை இணையத்தில் பகிர்ந்த அனுபவம்

வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்களின் வாரிசுகளும், ஊரிலேயே தங்கிவிட்ட அவர்களுடைய பங்காளி வீட்டுக்காரர்களும் சேர்ந்து, வீட்டில் கிடக்கும் பழைய காகிதங்களை ஸ்கேன் செய்து இணையத்தில் பகிர்ந்துகொள்கிறோம். எங்கள் பெரிய தாத்தா ஒருவர் அப்படிப் போனவர் என்பதால் நானும் இதில் இருக்கிறேன். இத்தனை வருடத்தில் எந்த வழி நிலைத்தது, எது காலை வாரியது என்று எழுதிவைத்தால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு உதவும்.

முதல் கப்பல் 'ட்ரூரோ' சென்னையிலிருந்து புறப்பட்டு 1860 நவம்பர் 16 அன்று டர்பன் சேர்ந்தது. 1911-ல் இந்த ஏற்பாடு முடியும்வரை 1,52,184 பேர் போயிருக்கிறார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம் என்று கப்பல் பட்டியலில் ஒரு வரி எழுதினார்கள். அங்கே உள்ளவர்கள் கையில் பெரும்பாலும் இருப்பது அந்த எண்ணும் அந்த ஒரு வரியும்தான். கிராமத்தின் பெயரோ, குமாஸ்தா காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியது. அதைத் தமிழ்நாட்டில் எந்த வரைபடத்திலும் தேட முடியாது. 'வட ஆற்காடு' என்று போட்டிருப்பதால் வேலூரையும் திருவண்ணாமலையையும் சல்லடை போட்டுச் சலிப்பார்கள். சித்தூர் மாவட்டம் 1911-ல்தான் உருவானது. அதற்கு முன் அந்தப் பகுதியில் பெரும்பங்கு வட ஆற்காட்டில்தான் இருந்தது என்று சொன்ன பிறகுதான் தேடல் ஆந்திரா பக்கம் திரும்பும்.

இங்கே நம் வீடுகளில் இருப்பவை கிரயப் பத்திரம், பாகப் பத்திரம், அடமானச் சீட்டு, எப்போதாவது ஒரு கடிதம். அந்த ஒரு வரியும் இந்தக் காகிதங்களும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்தான் உறவு பிடிபடும். இதற்காகத்தான் இத்தனை பாடு.

படம் எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் பாதி காரியம் அங்கேயே கெட்டுப்போகிறது. பழைய முத்திரைத்தாள் ஏ4 அளவைவிட நீளம். வீட்டு ஸ்கேனரில் வைத்தால் அடியில் உள்ள சாட்சிக் கையெழுத்துகள் வெட்டுப்பட்டுவிடும். இரண்டு தடவையாக ஸ்கேன் செய்யலாம், இல்லையென்றால் பகல் வெளிச்சத்தில், தரையில் விரித்து, நேர் மேலிருந்து போனில் எடுக்கலாம். போனில் உள்ள ஸ்கேன் செயலிகள் தாமாகவே 'பளிச்' என்று ஆக்கிக் கொடுப்பதை நம்பாதீர்கள். கறுப்பு எழுத்து தெளிவாகும், உண்மைதான். ஆனால் வெளிறிய ஊதா மை முத்திரையும் பென்சிலில் போட்ட எண்ணும் மாயமாகிவிடும். நிறத்தோடு, எந்த வடிகட்டியும் போடாமல் எடுத்த படம்தான் நிற்கும். ஸ்கேனர் என்றால் 300 டிபிஐ போதும், பொடி எழுத்துக்கு 600.

அப்புறம் பின்பக்கம். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். பத்திரத்தின் முன்பக்கத்தை மட்டும் அனுப்புகிறவர்கள்தான் அதிகம். முன்பக்கத்தில் 'விகாரி வருஷம் ஆவணி மாதம்' என்று இருக்கும், அதுவும் ௳, ௴, ௵ குறிகளோடு. விகாரி அறுபது வருடத்துக்கு ஒரு முறை வரும், ஆகவே அது 1839 ஆகவும் இருக்கலாம், 1899 ஆகவும் இருக்கலாம். பின்பக்கத்தைத் திருப்பினால் முத்திரைத்தாள் விற்றவர் போட்ட தேதியும், வாங்கியவர் பெயரும் இருக்கும். பதிவு செய்த பத்திரமாக இருந்தால் சார்பதிவாளர் முன்னால் வந்து 'இவரை எனக்குத் தெரியும்' என்று சொன்னவர்களின் பெயர், தகப்பன் பெயர், ஊர் எல்லாம் வரிசையாக நிற்கும். வம்சாவளி தேடுகிறவருக்குப் பத்திரத்தின் முகத்தைவிட முதுகுதான் பேசும்.

எங்கள் வீட்டுப் பாகப் பத்திரம் ஒன்றில் 'என் தமையன் நேட்டால் சீமைக்குப் போயிருக்கிறபடியால்' என்று ஒரு வரி வருகிறது. அவர் போனது வீட்டில் எல்லாருக்கும் தெரியும், எப்போது என்றுதான் தெரியாது. பின்பக்கத்துத் தேதியை வைத்து, அதற்கு முந்தைய வருடங்களின் கப்பல் பட்டியலை மட்டும் டர்பனில் உள்ள ஒரு அண்ணன் தேடினார். பெயர் ஒன்றாக இருப்பவர்கள் பலர். தகப்பன் பெயரும் தாலுகாவும் ஒத்துப்போன வரி ஒன்றே ஒன்று. அதில் அடையாளம் என்று இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு எழுதியிருந்தது. எங்கள் அத்தை பாட்டி அந்தத் தழும்பைப் பற்றி, ஏர் கொழு பட்டது என்று, எப்போதோ சொன்னதை அப்பா நினைவில் வைத்திருந்தார்.

சரி, எங்கே பகிர்வது? வாட்ஸாப் பேச்சுக்கு மட்டும்தான். அதில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் சுருங்கிப் போகும், கோப்போடு ஒட்டியிருக்கும் விவரமும் உதிர்ந்துவிடும். 'டாக்குமென்ட்' என்று அனுப்பினால் அசல் அப்படியே போகும். ஆனாலும் ஆறு மாதம் கழித்து யாராலும் அதைத் தேடி எடுக்க முடியாது. நாங்கள் முதலில் நம்பியிருந்த ஒரு சமூக ஊடகக் குழு, நடத்தியவர் கணக்கு முடங்கியதும் ஒரே நாளில் இல்லாமல் போயிற்று. படங்கள் பலரிடம் மிச்சம் இருந்தன. எந்தப் படம் யார் வீட்டுடையது என்று எழுதியிருந்த பேச்சு முழுவதும் போய்விட்டது. என்னைக் கேட்டால் அதுதான் பெரிய நஷ்டம்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம், இதுவரை கைவிடாத ஒரே வழக்கம் இதுதான். ஒவ்வொரு படத்தின் கீழேயும் ஒரு வெள்ளைப் பட்டை சேர்த்து, அதில் வரிசை எண், ஊர், வருடம், முன்பக்கமா பின்பக்கமா, அசல் யாரிடம் இருக்கிறது என்று எழுதிவிடுவோம். ஆள் பெயருக்குப் பதில் குடும்பத்துக்கு ஒரு குறியீடு. படத்தை யார் எத்தனை கைக்குத் தட்டிவிட்டாலும் அந்தப் பட்டை கூடவே போகும். பட்டை இல்லாத அசல் கோப்பும் தனியாக இருக்கும். கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் வைக்கிறோம், அங்கே உள்ளவர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

வேலை நடக்கும் இடம் கூகுள் டிரைவ். 15 ஜிபி இலவசம், வண்ணப் படமாகப் போட்டால் நினைத்ததைவிடச் சீக்கிரம் நிரம்பும். இன்னொன்று, இரண்டு வருடம் யாரும் தொடாத தனிநபர் கணக்கை நீக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. இந்தத் துறையில் ஆவணம் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைத் தாண்டியவர்கள். அவர்கள் கணக்கில் மட்டும் ஒரு பெட்டிக் காகிதம் இருப்பது எனக்கு நெஞ்சைப் பிசைகிற விஷயம். ஆகவே ஒவ்வொரு தொகுப்புக்கும் இங்கே ஒருவர், அங்கே ஒருவர் என்று தனித்தனியே முழு நகல் வைத்திருக்கிறோம்.

எல்லாருக்கும் பொதுவாக வைக்கலாம் என்று குடும்பம் சம்மதித்தவை மட்டும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற இலவச இணைய நூலகத்துக்குப் போகும். நிலையான முகவரி கிடைக்கிறது, பணம் இல்லை, அசல் கோப்பையே யாரும் இறக்கிக்கொள்ளலாம். 2024 அக்டோபரில் தாக்குதலுக்கு உள்ளாகி அந்தத் தளம் சில நாள் முடங்கியது. கையில் நகல் இருந்ததால் எங்கள் வேலை நிற்கவில்லை. வம்சாவளித் தளமான ஃபேமிலிசர்ச்சில் இறந்துபோனவரின் பக்கத்தோடு ஆவணத்தை இணைக்க முடிவது பெரிய வசதி. அதை நடத்துவது அமெரிக்காவின் மார்மன் திருச்சபை, அங்கே சேரும் பெயர்கள் அவர்களுடைய சமயச் சடங்குகளுக்கும் பயன்படலாம். இதை வீட்டுப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுவது முறை. சிலர் வேண்டாம் என்றார்கள், நாங்களும் போடவில்லை.

கையெழுத்துத் தமிழை எந்த மென்பொருளும் இதுவரை எங்களுக்கு ஒழுங்காகப் படித்துக் கொடுக்கவில்லை. புள்ளி இல்லாத எழுத்து, காலுக்கும் 'ர'வுக்கும் வித்தியாசம் இல்லை, வார்த்தைக்கு நடுவே இடமும் இல்லை. எங்களுக்கு வாய்த்தவர் ஓய்வுபெற்ற ஒரு பத்திர எழுத்தர். வரிவரியாக வாசித்து குரல் பதிவாக அனுப்புவார். அதைக் கேட்டு ஒருவர் தட்டச்சு செய்ய, டர்பனில் இன்னொருவர் ஆங்கிலத்தில் எழுத, மூன்றும் ஒரே எண்ணில் டிரைவில் சேரும். ஸ்கேனைவிட இந்த வாசிப்புக்குத்தான் அங்கே உள்ளவர்கள் காத்திருக்கிறார்கள்.

இரண்டு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். உயிரோடு இருப்பவர் பெயரோ, இன்றும் அனுபவத்தில் உள்ள நிலத்தின் சர்வே எண்ணோ இருக்கும் காகிதத்தைப் பொதுவில் போடக் கூடாது. பழைய பத்திரம் ஒன்று போதும், சும்மா இருக்கும் பங்காளிகளை நீதிமன்றப் படி ஏற்றிவிட. அடுத்தது சாதிக் கட்டம். அதை மறைத்துப் பகிரச் சொல்கிறவர்கள் உண்டு, அதை மட்டும் தேடி வருகிறவர்களும் உண்டு. ஆவணத்தை அழித்துத் திருத்த எனக்கு மனமில்லை. ஆனால் கப்பலேறும் முன் ஆட்களைத் தங்கவைத்த டிப்போவில் குமாஸ்தா எழுதியதும் ஆள் சொன்னதும் எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை, போனவர்களில் சிலர் வேறு சொல்லியும் போனார்கள் என்ற குறிப்பைக் கூடவே வைக்கிறேன். காப்பகங்களில் வாங்கிய நகல்களுக்கு மறுவெளியீட்டு நிபந்தனை இருக்கும். அவற்றின் படத்தைப் போடாமல் தொகுதி எண், பக்க எண் மட்டும் கொடுக்கிறோம்.

போளூர், ஆரணி, வாலாஜா தாலுகாப் பத்திரங்கள் எங்களிடம் இன்னும் குறைவு. குடியாத்தம் பக்கத்துக் குடும்பம் ஒன்று இரண்டு பெட்டி நிறைய வைத்திருக்கிறது, மழைக்காலம் முடிந்து காகிதத்தின் ஈரம் வடிந்ததும் அதைத் தொடங்கப்போகிறோம்.