ஒளிந்திருக்கும் வேர்: எக்ஸ்ரேயா, சிபிசிடியா?

கீழ்த்தாடையின் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வழக்கமாக இரண்டு வேர்தான். சிலருக்கு நாக்குப் பக்கம் மூன்றாவதாக ஒரு குட்டி வேர் வளைந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் வேர் சிகிச்சையை முடித்தால், கிருமி அங்கேயே தங்கிவிடும்; வலி திரும்பி வரும்.

சாதாரணப் பல் எக்ஸ்ரேயில் கன்னத்துப் பக்கமும் நாக்குப் பக்கமுமாக ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும் வேர்கள் ஒரே நிழலாக விழுகின்றன. அதற்காக அதை ஒதுக்கிவிடக் கூடாது. எக்ஸ்ரே குழலைச் சுமார் 20 டிகிரி பக்கவாட்டில் நகர்த்தி இன்னொரு படம் எடுத்தால், நாக்குப் பக்க வேர் குழல் போன திசையிலேயே நகர்ந்திருக்கும்; கன்னத்துப் பக்க வேர் எதிர்த்திசையில் போயிருக்கும். அப்புறம், கெனாலின் (வேருக்குள் ஓடும் நுண்குழாயின்) கருங்கோட்டைக் கண்ணால் பின்தொடருங்கள். பாதி வழியில் சட்டென்று மங்கினால், அங்கே அது இரண்டாகப் பிரிகிறது என்று சந்தேகப்பட வேண்டும். வேரின் ஓரக்கோடு இரட்டையாகத் தெரிந்தால், கூடுதல் வேர் இருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

ஆனால் சந்தேகம் வரைதான் எக்ஸ்ரே. எத்தனை, எந்தப் பக்கம், எங்கே பிரிகிறது என்பதைப் பல்லை முப்பரிமாணத்தில் படமெடுக்கும் சிபிசிடி ஸ்கேன்தான் காட்டும். கீழ் இரண்டாம் கடைவாய்ப் பல்லின் ‘சி’ வடிவக் கெனாலையே பாருங்கள். எக்ஸ்ரேயில் இரண்டு வேரும் ஒட்டியதுபோல இருக்கும், அவ்வளவுதான். சிபிசிடியின் குறுக்குவெட்டுகளை மேலிருந்து ஒவ்வொன்றாக இறக்கினால், பிறைபோல ஒரு கரும்பட்டை தெரியும். நுனியை நெருங்கும்போது அதுவே தனித்தனிப் புள்ளிகளாக உடையலாம். எங்கே தேட வேண்டும் என்பது பல்லைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடுகிறது.

கதிர்வீச்சு குறைவு என்பதில் எக்ஸ்ரேதான் மேல்; ஒரு படத்துக்குச் சில மைக்ரோசீவர்ட்தான். சிபிசிடிக்குக் கருவியையும் பரப்பையும் பொறுத்து அதைப்போலப் பல மடங்கு ஆகும். எனவே முழுத் தாடையையும் எடுக்க வேண்டாம். நான்கைந்து சென்டிமீட்டர் பரப்பு போதும். கதிர்வீச்சும் குறையும், நுணுக்கமும் கூடும். 

எல்லோருக்கும் சிபிசிடி எடுப்பதை நான் ஏற்கவில்லை. முதலில் இரு கோணங்களில் எக்ஸ்ரே. அதில் ஏதாவது உறுத்தினால், தயங்காமல் சிறு பரப்புச் சிபிசிடி. அமெரிக்க வேர் சிகிச்சை நிபுணர்கள் சங்கமும் வாய்-முகக் கதிரியல் அமைப்பும் சேர்ந்து 2015-இல் வெளியிட்ட நிலைப்பாடும் சிக்கலான வேர் என்று சந்தேகம் வந்தால் இதையே பரிந்துரைக்கிறது.

சிகிச்சையின் நடுவே சந்தேகம் வந்தாலும் சரி, தற்காலிகமாக அடைத்துவிட்டு, கெனாலை நிரப்பும் முன்பே சிபிசிடி எடுத்துவிடுங்கள். உள்ளே நிரப்புபொருளோ உலோகமோ போய்விட்டால் படத்தில் வெள்ளைக் கீற்றும் கருங்கீற்றும் ஓடும். கருங்கீற்றை விடுபட்ட கெனால் என்று நம்பித் துளையிடும் ஆபத்தும் உண்டு.