சிவனொளிபாதமலை: நல்லதண்ணி வழியா, இரத்தினபுரி வழியா?

அம்மாவையும் சித்தப்பாவையும் அழைத்துக்கொண்டு, இலங்கையில் ஆதாம் மலை என்றும் சொல்லப்படும் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போவதென்று முடிவானதும், எந்த வழி என்பதில் வீட்டில் இரண்டு கட்சி உண்டாயிற்று. சித்தப்பாவுக்கு இரத்தினபுரி வழிதான் வேண்டும். நான் ஹட்டன் பக்கத்து நல்லதண்ணி வழியை விடவில்லை. கடைசியில் நல்லதண்ணியிலிருந்துதான் ஏறினோம். பெரியவர்களோடு போகிறவர் யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

சித்தப்பா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தலைக்கு பஸ்ஸில் போய் அங்கிருந்து ஏறினால் நிழல் அடர்ந்த காடு, நெருக்கடியும் குறைவு. நல்லதண்ணிப் பக்கமோ, வார இறுதியிலும் போயா என்கிற பௌர்ணமி நாளிலும் உச்சிக்குச் சற்றுக் கீழே வரிசை நகராமல் நின்றுவிடும். வியர்த்த உடம்போடு அந்தக் குளிர்காற்றில் நிற்பது கொடுமை. வார நாளில் போவது ஒன்றே அதற்கு வழி. கடைகளும் மின்விளக்குகளும் நல்லதண்ணிப் பாதையில் தாராளம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

எனக்கு முடிவைச் சொன்னது இறக்கம். நல்லதண்ணி, தேயிலை மலைகளுக்கு நடுவே ஏற்கெனவே உயரத்தில் இருக்கிற ஊர். அங்கிருந்து 2,243 மீட்டர் உச்சிக்கு ஏற வேண்டியது சுமார் 1,000 மீட்டர். பலாபத்தலையிலிருந்து என்றால் 1,500 மீட்டருக்கும் கூடுதல். ஏறும்போது இந்த வித்தியாசத்தை உட்கார்ந்து, மூச்சு வாங்கி, பிளேன்டீ குடித்துச் சமாளித்துவிடலாம். இறங்கும்போது முழங்காலை அப்படிச் சமாளிக்க முடியாது. இரவெல்லாம் ஏறித் தூங்காத உடம்பு, அளவு ஒத்துவராத படிகள். ஒன்று ஒரு சாண் உயரம் என்றால் அடுத்தது அதைப்போல இரண்டு மடங்கு. தொடைத் தசை ஓய்ந்த பிறகு ஒவ்வொரு படியின் அடியும் நேரே மூட்டில்தான் விழுகிறது. நல்லதண்ணிப் படிகளே சுமார் 5,500 என்கிறார்கள். உச்சியை விட்டுச் சற்று இறங்கியதும் அம்மா பக்கவாட்டில் திரும்பிக்கொண்டார். இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பற்றி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, அப்புறம்தான் அடுத்த படி. ஜப்பானியத் துறவிகள் எழுப்பிய சமாதானத் தூபியை நெருங்கியபோது சரிவு தணிந்து, நேராக நடக்கத் தொடங்கினார். இரத்தினபுரிப் பக்கம் இறங்கியிருந்தால் அவ்வளவு தூரத்துக்குப் பிறகும் கணிசமான இறக்கம் மிச்சம் இருந்திருக்கும்.

1344ஆம் ஆண்டில் இங்கே ஏறிய மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா, பாபா வழி, மாமா வழி என்று இரண்டு பாதைகளைக் குறிப்பிடுகிறார். பாபா என்பது ஆதாம், மாமா என்பது ஏவாள். மாமா வழி சுலபமானது, யாத்திரிகர்கள் திரும்புவது அதன் வழியாகத்தான். ஆனால் அதில் ஏறிப் போனவரை யாத்திரை செய்தவராகவே கருதமாட்டார்கள் என்கிறார். கடினமான வழியில்தான் புண்ணியம் என்ற சித்தப்பாவின் எண்ணம் அவ்வளவு பழையது. அந்தக் காலத்து மனிதர்களும் இறங்குவதற்கு மட்டும் சுலபமான பாதையை வைத்துக்கொண்டார்கள் என்பதையும் சித்தப்பாவிடம் சொன்னேன்.

இரத்தினபுரி வழியில் நான் நடந்தது இளவயதில், மழையில்லாத நாளில். ஈரத்தில் அந்தக் கற்கள் எவ்வளவு வழுக்கும், அட்டைக் கடி எப்படி இருக்கும் என்பதை அனுபவத்திலிருந்து சொல்ல என்னால் முடியாது. முழங்காலில் குறையில்லாதவர்கள் இரத்தினபுரியில் ஏறி நல்லதண்ணியில் இறங்கலாம். காட்டையும் பார்த்தாயிற்று, இறக்கமும் குறைவு. ஏறிய இடத்துக்குத் திரும்பாததால் பை முழுவதையும் முதுகில் சுமக்க வேண்டும் என்பதுதான் தொல்லை. இறங்கியதும் மஸ்கெலியா வழியாக ஹட்டனுக்கு பஸ், அங்கிருந்து ரயில்.

இவ்வளவும் டிசம்பர் போயாவிலிருந்து மே மாதத்துப் பௌத்தத் திருநாளான வெசாக் வரையான யாத்திரைக் காலத்துக்குத்தான். மற்ற மாதங்களில் பாதை விளக்குகள் எரியாது, கடைகளும் பெரும்பாலும் மூடிக் கிடக்கும். அப்போது பெரியவர்களை எந்த வழியிலும் அழைத்துப் போகமாட்டேன்.