எந்த வாட் பல்பும் இந்தப் பேலஸ்டில் எரியும் என்றால் நம்பி வாங்காதீர்கள்

செடி வளர்ப்பு விளக்குகள் விற்கும் ஒருவரிடம், வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் வைத்த 1000 வாட் எலக்ட்ரானிக் பேலஸ்டையும் (பல்புக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கருவி) 400 வாட் மெட்டல் ஹாலைடு பல்பையும் (பாதரசம், உலோக உப்புகளின் ஆவியால் ஒளிரும் வகை) சேர்த்து வாங்கினேன். இரண்டும் பொருந்துமா என்று பணம் கொடுக்கும் முன்பே கேட்டேன். "குமிழைக் குறைத்து வையுங்கள், எந்த வாட் பல்பும் எரியும், பல்புக்கு எவ்வளவு வேண்டும் என்பதைப் பேலஸ்டே அறிந்து கொடுக்கும்" என்றார். நாற்றுக்கு 400 வாட்டும், செடி வளர்ந்தபின் 1000 வாட்டும் என ஒரே பேலஸ்டில் முடித்துவிடலாம் என்பதால் அவர் சொல்லை நம்பினேன்.

அந்தக் குமிழின் கடைசி அளவு 50 சதவீதம். 1000 வாட்டில் பாதி 500. ஆகவே எவ்வளவு குறைத்தாலும் என் பல்புக்கு 100 வாட் அதிகமாகவே போய்க்கொண்டிருந்தது. போதாததற்கு, இவ்வகைப் பேலஸ்டுகளில் பல, குமிழ் எங்கே இருந்தாலும் பல்பு சூடேறும் வரை முழு ஆற்றலையே செலுத்தும் என்பதையும், என்னுடையது அவற்றில் ஒன்று என்பதையும் பிறகுதான் அறிந்தேன். மூன்றாவது வாரத்தில், பல்புக்குள் ஒளிரும் உட்குழாயின் முனைகள் கறுத்து, வெளிச்சம் துடிக்கத் தொடங்கியது. புதுப் பல்பு அப்படித்தான் இருக்கும் என்று அவர் சொன்ன இரண்டாம் நாள், உட்குழாய் வெடித்து வெளிக்கண்ணாடியும் சிதறியது. பல்பில் பாதரசம் உண்டு என்பதால் அறையைத் திறந்துபோட்டு வெகுநேரம் கழித்தே உள்ளே போனோம். அந்த நேரத்தில் விளக்கின் கீழே யாரும் நிற்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் பதறுகிறது.

தவறான பல்பைப் போட்டது என் குற்றம் என்று அவர் கையை விரித்துவிட்டார். ஆதாரமாக அவர் அனுப்பியது, 1000 வாட் பல்பு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று அச்சிட்ட கையேட்டுப் பக்கத்தின் படம். சோதித்துக் காட்டுவதாகப் பெட்டியைப் பிரித்தவர், அந்தக் கையேட்டை என்னிடம் கொடுக்கவே இல்லை.

ஹோல்டரில் ஏறிவிட்டதே என்று நிம்மதி கொள்ள வேண்டாம். 250, 400, 1000 வாட் பல்புகள் பெரும்பாலும் ஒரே இ40 திருகில்தான் வருகின்றன. பார்க்க வேண்டியது, பல்பு எந்தப் பேலஸ்டுக்குப் பொருந்தும் என்பதைக் காட்டும் குறியீட்டை: 400 வாட் மெட்டல் ஹாலைடுக்கு எம்59, 1000 வாட்டுக்கு எம்47, சோடியம் ஆவிப் பல்புகளில் முறையே எஸ்51, எஸ்52.

சமாதானமாக, 1000 வாட் மெட்டல் ஹாலைடு பல்பைப் பாதி அளவில் எரிக்கலாம் என்று அவர் சொன்ன யோசனையையும் மறுத்தேன். அப்படிக் குறைத்தால் ஒளி நீலப்பச்சையாகத் திரியும். செலவாகும் மின்சாரம் குறைவதைவிட வெளிச்சம் அதிகமாகக் குறையும். சோடியம் பல்பு இதை ஓரளவு தாங்கும், மெட்டல் ஹாலைடு தாங்காது.

பணம் இன்னும் திரும்பவில்லை. வாங்கவிருப்பவர்கள், பேலஸ்ட் எந்தெந்தக் குறியீட்டுப் பல்புகளை ஏற்கும் என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.