லை, லே: கிடப்பதா, கிடத்துவதா?

பழைய ஆங்கிலத்தில் லிஜ்ஜன் என்றால் கிட. லெஜ்ஜன் என்றால் கிடத்து. இன்றைய ஆங்கிலத்தின் லையும் (lie) லேயும் (lay) அவற்றின் வாரிசுகள். நம் தன்வினை, பிறவினை போலத்தான்.

‘எதை?’ என்று கேளுங்கள். பதில் இருந்தால் லே: ‘லே த புக் ஹியர்’. கோழி முட்டையிடுவதும் லேதான். பதில் இல்லையென்றால் லை: ‘லை டவுன்’.

சிக்கல் இறந்தகாலத்தில்தான். லே என்பதற்கு லெய்ட், லெய்ட். லை என்பதற்கோ லே, லெய்ன்! அதனால் ‘நேற்று படுத்தேன்’ என்பதற்கு ‘ஐ லே டவுன்’ என்பதே சரி. ஆங்கிலேயர்களே பேச்சில் ‘லெய்ட்’ என்று தவறுவதுண்டு; தேர்வில் அப்படி எழுதாதீர்கள். லையுடன் ‘ஐஎன்ஜி’ சேரும்போது எழுத்தும் மாறும்: எல்-ஒய்-ஐ-என்-ஜி.

பொய் சொல்லும் லை வேறு வேர்; அதன் இறந்தகாலம் லைட்.