பேப்பர்களைச் சேர்த்து தீசிஸ் ஆக்கித் தர்றோம்னு சொல்றவங்ககிட்ட உஷாரா இருங்க

பப்ளிஷ் ஆன பேப்பர்களை வச்சே பிஎச்டி தீசிஸ் சப்மிட் பண்ணப் போறவங்க இதைக் கொஞ்சம் படிச்சிடுங்க. "உங்க பேப்பர் எல்லாத்தையும் அனுப்புங்க, தீசிஸா கட்டித் தர்றது எங்க பொறுப்பு"ன்னு ஒரு சர்வீஸ்ல சொன்னாங்க. ஃபார்மேட்டிங், ஒரே ரெஃபரன்ஸ் ஸ்டைல், காப்பிரைட் பெர்மிஷன் எல்லாமே பேக்கேஜ்ல அடக்கமாம். பேர் சொல்லல, ஏற்கனவே வக்கீல் நோட்டீஸ் அது இதுன்னு மிரட்டிட்டாங்க, ஆனா இதே வேலையை வேற பேர்லயும் நிறைய பேர் பண்றாங்க, அதனால நடந்ததை மட்டும் சொல்றேன்.

ஃபைல் வந்தப்ப பார்க்க நல்லாத்தான் இருந்துச்சு. கூடவே ஒரு சிமிலாரிட்டி ரிப்போர்ட் (ஏற்கனவே வெளிவந்த எழுத்தோட எவ்வளவு சதவீதம் ஒத்துப்போகுதுன்னு காட்டறது), ஒத்தை இலக்கத்துல, பெரிய சாதனை மாதிரி மெசேஜ் வேற. அங்கதான் எனக்கு பக்குனு ஆச்சு. ஏன்னா பேப்பர்களால ஆன தீசிஸ்னா வார்த்தைக்கு வார்த்தை என் பேப்பரோட மேட்ச் ஆகத்தானே செய்யணும்? காப்பியைக் கண்டுபிடிக்கிற டர்னிட்டின் சாஃப்ட்வேர்ல போட்டா சதவீதம் ஏகத்துக்கும் ஏறும், வழக்கமா என்ன பண்ணுவாங்கன்னா நம்ம சொந்த பேப்பரை சோர்ஸ்ல இருந்து எக்ஸ்க்ளூட் பண்ணிட்டு மிச்சம் என்ன இருக்குன்னு பார்ப்பாங்க. எப்படி குறைஞ்சுதுன்னு சாப்டரைத் திறந்தா, ரேண்டம் ஃபாரஸ்ட்னு (ஒரு மெஷின் லேர்னிங் முறை) இருந்த இடமெல்லாம் "ஆர்பிட்ரரி டிம்பர்லேண்ட்". மீன் ஸ்கொயர் எரர் "மீன் ஸ்கொயர் பிளண்டர்". சிக்னல் டு நாய்ஸ் "ஃப்ளாக் டு கிளாமர்", அதாவது கூச்சல். ஏதோ பாராஃபிரேஸ் சாஃப்ட்வேர்ல மொத்தத்தையும் போட்டு அரைச்சு எடுத்திருக்காங்க!

இது சிரிச்சுட்டுப் போற விஷயம் இல்ல. இந்த மாதிரி சிதைஞ்ச சொற்களுக்கு "டார்ச்சர்ட் ஃப்ரேசஸ்"னே பேர் வச்சு 2021ல கபனாக், லாபே, மகாசினோவ்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் எழுதினாங்க, ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் "கவுன்டர்ஃபீட் கான்ஷியஸ்னஸ்" ஆன கதையெல்லாம் அதுல உண்டு. இப்ப இதைத் தேடிப் பிடிக்கவே கபனாக் டீமோட ஸ்க்ரீனர் இருக்கு. ஒழுங்கா பியர் ரிவ்யூ (மத்த நிபுணர்களோட சரிபார்ப்பு) தாண்டி வந்த பேப்பர், தீசிஸ்ல மட்டும் திருட்டு பேப்பர் மாதிரி நிக்கும். எக்ஸாமினர் கண்ணுல பட்டிருந்தா யார் நம்புவாங்க நான் எழுதினதுன்னு?

இன்னொரு கூத்து. நான் வேர்ட் ஃபைல், லேடெக் (பேப்பரை டைப்செட் பண்ற சாஃப்ட்வேர்) சோர்ஸ் எல்லாம் குடுத்தும் அதை விட்டுட்டு ஜர்னல் பிடிஎஃப்ல இருந்து காப்பி பேஸ்ட் பண்ணியிருக்காங்க. அதுல மைக்ரோ குறி எல்லாம் சாதா எம் எழுத்தா மாறி மைக்ரோமீட்டர் மில்லிமீட்டர் ஆயிடுச்சு, அதாவது ஆயிரம் மடங்கு. சில டேபிள்ல மைனஸே காணோம். ரெஃபரன்ஸை ஒரே லிஸ்டா சேர்த்தவங்க டெக்ஸ்ட்ல இருக்கற நம்பரை மாத்தல, அதனால ரெண்டாவது பேப்பர்ல இருந்து எந்த சைட்டேஷனும் சரியான ஆளைக் காட்டல. லேடெக் ஆளுங்களுக்குத் தெரியும், ரெஃபரன்ஸுக்கான பிப்லேடெக் பேக்கேஜ்ல சாப்டருக்கு ஒரு ரெஃப்செக்ஷன் (தனி ரெஃபரன்ஸ் பகுதி) போட்டா இந்தத் தலைவலியே கிடையாது.

பெர்மிஷன் லெட்டர்னு குடுத்தது அதைவிட மோசம். எல்லா பப்ளிஷருக்கும் ஒரே வாசகம், ஒரே ஃபான்ட், ஆர்டர் நம்பர் எதுவும் இல்ல. இதுக்குப் போய் தனி சார்ஜ்! எல்செவியர்ங்கற பப்ளிஷர்ல சொந்த பேப்பரை தீசிஸ்ல சேர்க்க தனியா பெர்மிஷனே வேண்டாம், கமர்ஷியலா பப்ளிஷ் பண்ணாத வரைக்கும், ஜர்னலை சோர்ஸா குறிப்பிட்டா போதும். பேர் குறிப்பிட்டா யாரும் எடுத்துக்கலாம்ங்கற சிசி பை லைசென்ஸ்ல வந்த ஓப்பன் ஆக்சஸ் பேப்பருக்கும் அப்படித்தான். ஐஈஈஈங்கற பப்ளிஷர் மட்டும் ஆன்லைன்ல போற தீசிஸ்ல அக்செப்டட் வெர்ஷன்தான் (ரிவ்யூ முடிஞ்சு ஏத்துக்கிட்ட, ஜர்னல் டிசைன் பண்றதுக்கு முந்தின காப்பி) இருக்கணும்னு சொல்லும், ஃபைனல் பிடிஎஃப் கூடாது, காப்பிரைட் வரியும் போடணும். இவங்க கரெக்டா அங்கதான் ஃபைனல் பிடிஎஃப்பை ஒட்டியிருந்தாங்க. மத்ததுக்கு ஆர்ட்டிக்கிள் பேஜ்லயே பெர்மிஷன் வாங்கற ரைட்ஸ்லிங்க் பட்டன் இருக்கும், தீசிஸ்னு செலக்ட் பண்ணினா லைசென்ஸ் நம்பரோட மெயில் வரும், எனக்கு எதுக்குமே காசு கேக்கல. ரிவ்யூ பேப்பர்ல அடுத்தவங்க ஃபிகர் எடுத்துப் போட்டிருந்தா அதுக்கு மட்டும் திரும்ப கேக்கணும், ஜர்னலுக்கு வாங்கினது தீசிஸுக்கு செல்லாம போகலாம்.

கோ ஆத்தர் ஸ்டேட்மென்ட்டையும் அவங்களே நிரப்பியிருந்தாங்க, பேப்பர்ல யார் என்ன வேலை செஞ்சாங்கன்னு பிரிச்சுக் காட்டற கிரெடிட் (CRediT) லிஸ்ட்ல இருக்கற 14 ரோலும் என் பேருக்கு நேரா! ஃபண்டிங் வாங்கினது கூட நான்தானாம். கைடு பார்த்திருந்தா அவ்வளவுதான், அவர் கையெழுத்துப் போட வேண்டிய பேப்பர் அது. பேப்பர்களை இணைக்கிற இன்ட்ரொடக்ஷனும் டிஸ்கஷனும் கேக்கவே வேண்டாம், அஞ்சு அப்ஸ்ட்ராக்டை வரிசையா ஒட்டி நடுவுல "மேலும்" போட்டு வச்சிருந்தாங்க. உண்மையில நாம புதுசா எழுத வேண்டியதே அந்த ரெண்டு சாப்டர்தான், வைவால கேள்வியும் பெரும்பாலும் அதுலதான் வரும்.

ரீஃபண்ட் கேட்டா "சிமிலாரிட்டி குறைஞ்சிருக்கா இல்லையா, டெலிவரி ஆயிடுச்சு"ன்னு அதே பாட்டு. பேமெண்ட் டிஸ்ப்யூட் போட்டிருக்கேன், பார்ப்போம். காசைவிட எனக்குப் பெரிய கவலை வேற, நான் அனுப்பினதுல இன்னும் எங்கயும் சப்மிட் பண்ணாத கடைசி பேப்பரோட டிராஃப்டும் இருக்கு. டெலீட் பண்ணிட்டோம்னு எழுத்துல குடுங்கன்னு மெயில் போட்டேன், இதுவரைக்கும் பதில் இல்ல, அதனால அதை அவசரமா பிரீபிரின்ட் சர்வர்ல (ரிவ்யூவுக்கு முந்தின பேப்பரைப் பொதுவுல போடற தளம்) ஏத்தி தேதியைப் பதிவு பண்ணி வச்சிருக்கேன்.