திராட்சைக்கு மல்ட்டி ரெசிட்யூ டெஸ்ட்: பேக்கேஜில் எது வராது?

பழத்தில் மிச்சமிருக்கும் பல பூச்சி, பூஞ்சாண மருந்துகளை ஒரே சோதனையில் பார்க்க, ஏற்றுமதித் திராட்சைக்கு ஆய்வகங்கள் தரும் ‘மல்ட்டி ரெசிட்யூ’ பேக்கேஜ் நல்ல சேவைதான். அதை மட்டும் நம்பிக் கன்டெய்னர் ஏற்றுவதுதான் ஆபத்து.

செய்முறை பெரும்பாலும் 2003-ல் வெளியான குவெச்சர்ஸ் (QuEChERS), அதாவது பழத்திலிருந்து மருந்தைக் கரைப்பானில் பிரித்தெடுக்கும் முறை. அரைத்த பழம் 10 கிராமுக்கு அசிட்டோநைட்ரைல் 10 மி.லி., மெக்னீசியம் சல்ஃபேட் 4 கிராம், சோடியம் குளோரைடு 1 கிராம் சேர்த்துக் குலுக்கி, சென்ட்ரிஃப்யூஜில் சுற்றுவார்கள். மேலே பிரியும் கரைப்பானைச் சுத்திகரித்துக் கருவியில் ஏற்றினால், நூற்றுக்கணக்கான மருந்துகளை ஒரே தடவையில் பார்த்துவிடலாம். கேப்டான் என்ற பூஞ்சாண மருந்து அடித்த தோட்டமா? உலர்பனி போட்டு அரைக்கிறார்களா என்று கேளுங்கள். சாதாரண வெப்பத்தில் அரைத்தால் கேப்டான் சிதைந்து, இருப்பதைவிடக் குறைவாகக் காட்டும்.

குறை எங்கே என்றால், அசிட்டோநைட்ரைலுக்குள் வராத மருந்துகளில். லிஹோசின் என்று கடையில் கேட்டு வாங்கும் குளோர்மெக்வாட் என்ற வளர்ச்சி கட்டுப்படுத்தி தண்ணீரிலேயே தங்கிவிடும். 2010-ல் இந்தியத் திராட்சை ஐரோப்பாவில் மாட்டிக்கொண்டது இதனால்தான்: அப்போது அங்கே அனுமதித்த வரம்பு கிலோவுக்கு 0.05 மி.கி.; இங்கே சோதிக்க வேண்டிய மருந்துப் பட்டியலில் அதன் பெயரே இருக்கவில்லை. இதற்கு அமிலம் சேர்த்த மெத்தனாலில் பிரித்தெடுக்கும் குப்பே (QuPPe) முறை வேண்டும். எத்தெஃபான் என்ற வளர்ச்சி ஊக்கிக்கும் அப்படியே. மேன்கோசெப் என்ற பூஞ்சாண மருந்து இன்னொரு ரகம்: ஸ்டேனஸ் குளோரைடும் அமிலமும் சேர்த்துச் சூடாக்கி, கிளம்பும் கார்பன் டைசல்ஃபைடை அளக்க வேண்டும். அதற்குப் பழத்தைக் கூழாக அரைக்கக் கூடாது, சாறு பட்டாலே மருந்து சிதையும். உறையவைத்துத் துண்டாக நறுக்குவதே முறை. இவற்றைப் பெயர் சொல்லித் தனியாகக் கேட்க வேண்டும். அடித்த மருந்துகளின் பட்டியலைக் கையோடு கொடுத்துவிடுவது உத்தமம்.

ரிப்போர்ட்டில் ‘இல்லை’ என்ற சொல்லைவிட, பக்கத்தில் இருக்கும் அளவீட்டு எல்லை, அதாவது ஆய்வகத்தால் அளக்க முடிகிற மிகக் குறைந்த அளவு, முக்கியம். ஐரோப்பாவில் தனி வரம்பு வகுக்காத மருந்துக்கு 0.01 மி.கி.தான், 0.05 வரைதான் அளக்க முடியும் என்கிற ஆய்வகத்தின் ‘இல்லை’ எதற்கும் உதவாது. ஆய்வக அளவீட்டில் பிழை 50 சதவீதம் வரை கூடவோ குறையவோ இருக்கலாம் என்று வைத்துக்கொள்வது வழக்கம். 0.04 என்று வந்தால் அது 0.06 ஆகவும் இருக்கலாம், வரம்பு 0.05 என்றால் அந்தச் சரக்கை ஏற்றாமல் இருப்பதே நல்லது. ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் தரும் என்.ஏ.பி.எல். (NABL) அமைப்பின் முத்திரை இருந்தால் மட்டும் போதாது, உங்கள் பழமும் மருந்தும் அந்த அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா பாருங்கள்.

மாதிரி குறைந்தது 2 கிலோ, 5 குலைக்குக் குறையாமல், தோட்டத்தின் பல இடங்களிலிருந்து. வரப்போரக் குலைகள் வேண்டாம். கழுவாதீர்கள், ஐஸ் பெட்டியில் அனுப்புங்கள்.

வேளாண்மைத் துறையின் பூச்சிக்கொல்லி பரிசோதனை நிலையத்துக்குப் பழத்தைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அங்கே பார்ப்பது புட்டிக்குள் இருக்கும் மருந்தின் தரத்தை.