காப்பர் ஆக்சைடு–டைட்டானியம் டை ஆக்சைடு ஒளிவினையூக்கித் தூள்: பயன்படுத்திப் பார்த்தபின் ஒரு மதிப்பீடு

ஒளியின் ஆற்றலைக் கொண்டு மாசுகளைச் சிதைக்கும் ஒளிவினையூக்கி இது. சாதாரண வெயிலிலேயே சாயக் கழிவுநீரைத் தூய்மையாக்கும் என்ற விளம்பரத்தோடு விற்கப்படும் இந்தத் தூளைக் கல்லூரி வேதியியல் ஆய்வகத்துக்காக வாங்கினோம். இத்தகைய கலவைக்கான தேவை உண்மையானது. அனடேஸ் என்ற படிக வகை டைட்டானியம் டை ஆக்சைடின் ஆற்றல் இடைவெளி (எலக்ட்ரானை விடுவிக்க ஒளி தரவேண்டிய குறைந்தபட்ச ஆற்றல்) 3.2 எலக்ட்ரான் வோல்ட் என்பதால், ஏறத்தாழ 387 நானோமீட்டருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளியில்தான் அது வேலை செய்யும். வெயிலில் அந்த ஒளியின் பங்கு ஏறக்குறைய 5 விழுக்காடுதான். காப்பர் ஆக்சைடோ கண்ணுக்குப் புலப்படும் ஒளியையும் நன்றாக உறிஞ்சக்கூடியது. இரண்டும் துகள் அளவில் ஒட்டி இணைந்தால், ஒளியால் பிரிந்த எலக்ட்ரானும், அது விட்டுச்சென்ற காலியிடமான துளையும் மீண்டும் சேர்ந்து வீணாவதையும் குறைக்கலாம்.

இந்தத் தூளில் அந்த இணைப்புதான் இல்லை. சிறிதளவை நீரில் கலக்கி, மீயொலிக் குளியலில் வைத்து எடுத்து, சற்று நேரம் அசையாமல் விட்டால், கறுப்புப் படிவு அடியில் தங்குகிறது. மேலே பால்போன்ற வெண்கலங்கல் நிற்கிறது. உண்மையில் ஒட்டி இணைந்த துகள் இப்படி இரண்டாகப் பிரியாது. தாமிர உப்புக் கரைசலில் டைட்டானியம் டை ஆக்சைடை ஊறவைத்து, உலர்த்தி, உலையில் சுட்டெடுத்திருந்தால் இந்தக் குறை பெருமளவு நீங்கியிருக்கும். தாமிரத்தின் அளவும் மிகையாகத் தோன்றுகிறது. சில விழுக்காட்டுக்கு மேல் போனால் காப்பர் ஆக்சைடே ஒளியை மறைக்கிறது. எலக்ட்ரானும் துளையும் மீண்டும் சேரும் இடமாகவும் மாறிவிடுகிறது. தாமிரம் எவ்வளவு என்பதை லேபிளில் அச்சிடாதது பெருங்குறை.

மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயத்தின் கரைசல் விளம்பரத்தில் சொன்னபடியே வெளுத்தது. ஆனால் விளக்கை ஏற்றுவதற்கு முன், இருட்டில் கலக்கியபோதே நிறத்தில் கணிசமான பகுதி குறைந்திருந்தது. அது சிதைவு அல்ல, தூளின் பரப்பில் சாயம் ஒட்டிக்கொண்டதன் (பரப்புக் கவர்ச்சி) விளைவு. மேலும், 664 நானோமீட்டர் அருகே மெத்திலீன் புளூ தானே ஒளியை உறிஞ்சி எலக்ட்ரானை வினையூக்கிக்குக் கொடுத்துவிடும் என்பதால், கட்புலன் ஒளியில் அதன் நிறம் மறைவதை மட்டும் வைத்து வினையூக்கியின் திறனைச் சான்றளிக்க முடியாது. கட்புலன் ஒளியை உறிஞ்சாத, நிறமற்ற ஃபீனால் என்ற கரிமப் பொருளை வைத்துச் சோதித்தபோது, புறஊதாவைத் தடுக்கும் வடிகட்டியின் கீழ் மாற்றம் ஏதும் இல்லை என்றே சொல்லலாம்.

ஹைட்ரஜன் பெராக்சைடு சிறிது சேர்த்ததும் வினை வேகமெடுத்தது. பெராக்சைடு எலக்ட்ரானைப் பெற்று, கரிம மூலக்கூறுகளைத் தாக்கும் ஹைட்ராக்சில் தனி உறுப்பாக மாறுவது இதற்குக் காரணமாகலாம். ஆனால் முழுப் பெருமையையும் தூளுக்கே கொடுக்க இயலவில்லை. சற்று அமிலத்தன்மையுள்ள கரைசலை வடிகட்டி, தெளிந்த நீரில் பொட்டாசியம் ஃபெரோசயனைடு விட்டபோது, உப்புப் பகுப்பாய்வு செய்த எந்த மாணவரும் அடையாளம் காணும் செம்பழுப்பு நிறம் தோன்றியது. தாமிரம் கரைந்து வெளியேறுகிறது என்பதே இதன் பொருள். கரைந்த தாமிர அயனியும் பெராக்சைடோடு சேர்ந்து ஃபீனாலைத் தாக்கக்கூடியது. இந்தியக் குடிநீர்த் தரத்தில் தாமிரத்துக்கு ஏற்கத்தக்க வரம்பு லிட்டருக்கு 0.05 மில்லிகிராம், மாற்று நீர் இல்லாத இடத்தில்தான் 1.5 வரை பொறுக்கலாம். ஒரு மாசை நீக்கப்போய் இன்னொன்றை நீரில் சேர்க்கும் பொருளைக் கழிவுநீருக்குப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை.

பட்டப்படிப்பு மாணவர்களுக்குப் பரப்புக் கவர்ச்சி, சிதைவு இரண்டையும் வேறுபடுத்திக் கற்பிக்க இது பயன்படும், அதற்காக வாங்கலாம். ஆய்வுக்கு வாங்க நினைப்பவர்கள், தாமிர விழுக்காடு, படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு வரைபடம், சோதனையில் நீரின் மொத்தக் கரிம கார்பன் எவ்வளவு குறைந்தது என்ற அளவு, பலமுறை பயன்படுத்தியபின் நீரில் கரைந்த தாமிரம் ஆகிய விவரங்களை விற்பவரிடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள்.